ஆசிட் வண்டியும் ஆடிக் காற்றும்

2004ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், தூத்துக்குடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி நோக்கி டேங்கர் லாரியை ஓட்டி வந்தேன். வல்லநாட்டை நெருங்கும்போது, பின்னால் வந்த பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக் கையைக் காட்டவே, ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். பின்பக்க வால்வின் கேஸ்கெட் விட்டுப்போய், அமிலம் விரல் பருமனில் ஒழுகிக்கொண்டிருந்தது. அது விழுந்த இடத்திலிருந்து எழுந்த வெள்ளைப் புகை சாலையின் மேல் தவழ்ந்து போனது.

என்னிடம் ஆவணக் குறை எதுவும் இல்லை. அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்வதற்கான ஒப்புதல், எங்கள் பேச்சில் ‘ஹசார்டஸ்’, உரிமத்தில் முறையாகப் பதிவாகியிருந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதி கேட்கும் மூன்று நாள் பயிற்சியையும் முடித்திருந்தேன். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள இந்திய மொழிகளில் ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பத்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு அந்தத் தகுதியும் இருந்தது. சரக்கை அனுப்புகிறவர் தரவேண்டிய டிரெம் கார்டு, அதாவது விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை, கேபினிலேயே இருந்தது. அதை எடுத்துப் பிரித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்ததே தவிர, ‘அப்விண்ட்’ என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரியவில்லை.

காற்று வரும் பக்கத்தில் நில் என்பதுதான் அதன் பொருள். ஆடி மாதத்து மேல்காற்று எப்படி வீசும் என்பது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நானும் கிளீனரும் வால்வைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குக் கிழக்கே, புகை போகும் வழியிலேயே நின்றிருந்தோம். தொண்டை எரிந்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி, “ஏய்யா, என்னய்யா இது இப்படிப் புகையுது?” என்று கேட்டுக்கொண்டே அருகில் வந்தபோது, எந்தப் பக்கம் விலகிப் போகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கூசுகிறது.

கிளீனர் ஒரு யோசனை சொன்னான். “அண்ணாச்சி, அந்தா கெணத்துல தண்ணி கெடக்கு. ஊத்திக் கழுவி விட்ருவமா?” நான் சரி என்று சொல்லவிருந்தேன். சாலையோரப் பள்ளம் இறங்கிப் போவது தாமிரபரணியை நோக்கி. தூத்துக்குடி நகரம் குடிக்கும் தண்ணீர் அந்த ஆற்றிலிருந்துதான் போகிறது.

நல்லவேளையாக, பஸ்காரர் போகிற வழியில் தகவல் சொல்லியிருந்ததால் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அந்த அதிகாரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காற்று வரும் பக்கத்தில் தன் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, டேங்கரின் பக்கவாட்டிலிருந்த பலகையைப் படித்தார். உள்ளே இருக்கும் பொருள் எது என்று காட்டும் 1789 என்ற ஐ.நா. எண்ணும், கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டுவதாக வரைந்த, அரிக்கும் பொருள்களின் வகையான எட்டாம் வகுப்புக்குரிய சாய்சதுரக் குறியும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. முதலில் எங்களையும் மூதாட்டியையும் மேற்கே வரச் செய்தார். பிறகு பள்ளத்தை மண்ணால் அடைக்கச் சொல்லி, சிந்திய அமிலத்தைச் சுற்றி மணலால் அணை கட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்பைப் போட வைத்தார். மீதி அமிலம் இரவில் வேறொரு டேங்கருக்கு மாற்றப்பட்டது.

பலகையில் பொருளின் பெயர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயரத்திலும், எண் 100 மில்லிமீட்டர் உயரத்திலும், வகுப்புக்குறி 250 மில்லிமீட்டர் சதுரத்திலும் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னபோது, அதை ஆர்.டி.ஓ. சோதனைக்கான அளவாக மட்டுமே நான் எண்ணியிருந்தேன். ஓட்டுநர் மயங்கிக் கிடக்கும் நிலையிலும், பக்கத்தில் வர முடியாத ஒருவர் தூரத்தில் நின்றே படித்துக்கொள்ளத்தான் அந்த அளவு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் சேறு படிந்த பலகையோடு ஓடும் டேங்கரைக் கண்டால் எனக்கு ஆற்றமாட்டாத கோபம் வருகிறது.

ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பயிற்சியாளனாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு நாள் தற்காப்பு ஓட்டுமுறையும் மேம்பட்ட ஓட்டுத்திறனும் பெரிய சிரமம் தருவதில்லை. வருகிறவர்கள் என்னைவிட நன்றாக ஓட்டுவார்கள். மூன்றாம் நாள் வரும் பொருள் பாதுகாப்புதான் என் வேலை. பெட்ரோலை இறக்கிவிட்ட காலி டேங்கரில் நிற்கும் ஆவி, நிறைந்த டேங்கரைவிட எளிதில் வெடிக்கக்கூடியது என்று சொன்னால், இருபது வருடம் ஓட்டியவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து 20 பேர் இறந்ததைச் சொல்லும்போது, சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, அது தரையோடு ஊர்ந்து வீடுகளுக்குள் போகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு லோடு போகிறவர்கள் அந்த வகுப்பில் எப்போதும் இருப்பார்கள்.

முன்பு இந்த ‘ஹசார்டஸ்’ உரிமம் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு நாள் மறுபயிற்சி உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை மூன்று ஆண்டுகளாக்கியது. ஓட்டுநரின் அலைச்சலும் ஒரு நாள் கூலியும் மிச்சமாவது உண்மைதான். ஆனாலும் ஒருமுறைகூடக் கையில் எடுக்காத அட்டையை மூன்று ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதனால் மூன்றாம் நாள் மாலை, அவரவர் ஏற்றும் பொருளுக்கான டிரெம் கார்டைக் கொடுத்து, அதிலுள்ளதை வீட்டில் பேசும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறேன். சென்ற மாத வகுப்பில், ஆலங்குளத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், “புகை வந்தா மேக்க போய் நில்லு” என்று எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்த மூத்தவர் அதை எட்டிப் பார்த்து, “தம்பி, ஐப்பசியில வாடை அடிக்கும்போது என்ன செய்வ?” என்று கேட்டார். இளைஞர் சற்று நேரம் யோசித்துவிட்டு, அந்த வரியை அடித்து, கீழே எழுதினார்: “காத்து மூஞ்சில அடிக்கிற பக்கமா நட.”