டொக்கோவா அருவிக்கு மேலே ஓர் ஏரி இருந்தது

அட்லாண்டாவிலிருந்து வடகிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் டொக்கோவா. அங்கே ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்துக்குள்ளேயே 186 அடி உயர அருவி விழுகிறது. நயாகராவைவிட உயரம் என்று சொல்லித்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். கடையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடையோரமாகச் சில நிமிடம் நடந்தால் சாரல் முகத்தில் அடிக்கிறது.

சின்னவள் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கேதான் அந்த நினைவுக்கல்லைப் பார்த்தேன். இறந்தவர்கள் 39 பேர். பிள்ளைகளோடு இறந்துபோன குடும்பங்களும் அதில் உண்டு.

1977 நவம்பர் 6, இரவு ஒன்றரை மணி. பல நாள் மழை. அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் ஏரியின் கரை உடைந்தது. அந்தத் தண்ணீர் முழுவதும் இந்தப் பாறையிலிருந்து குதித்து, கீழே டிரெய்லர் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த மாணவர் குடும்பங்கள்மேல் பாய்ந்தது.

அணை ஒன்றும் பெரிதல்ல, 40 அடிக்குள்தான். 1899இல் மரச்சட்டமும் கல்லுமாகக் கட்டியதன்மேல் பிறகு மண்ணைக் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். 1957 வரை கல்லூரிக்கு மின்சாரம் தந்தது. அதற்கப்புறம் பொழுதுபோக்குக்கு மட்டும்தான். பின்புறச் சரிவு செங்குத்து, அதில் மரங்கள் வேறு. சரிவில் ஒரு துண்டு பெயர்ந்து கிடப்பது 1973இல் எடுத்த படத்திலேயே தெரிகிறது. உடைந்ததற்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்ட விசாரணைக் குழுவால் முடியவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அணைகளைச் சோதிக்கும் சட்டம் 1972லேயே வந்துவிட்டது. பணம்தான் ஒதுக்கவில்லை. டொக்கோவாவுக்குப் பிறகுதான் அதிபர் கார்ட்டர் உத்தரவிட்டார், ராணுவப் பொறியாளர்கள் இறங்கினார்கள். 1981க்குள் ஏறக்குறைய 8,800 அணைகளைப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை. பெரும்பாலானவை தனியார் அணைகள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் எங்கள் குடியிருப்பு ஏரிக்கரையில் இறங்கி நடந்தேன். ஏழு வருஷமாகப் படகு விட்ட ஏரி. அதன் சொந்தக்காரர்களே நாங்கள்தான், ஆனால் ஒருநாளும் கரையின் பின்பக்கம் போனதில்லை. சரிவில் என் தொடைப் பருமனுக்கு பைன் மரங்கள். மீன் தப்பாமலிருக்க, மிகைநீர் வழிந்தோடும் கலிங்கில் அடித்த கம்பி வலையை இலைக்குப்பை அடைத்திருந்தது. மழையில்லாத மாதத்திலும் கரையடியில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சை. மிதித்தேன், ஷூ உள்ளே போனது.

அசோசியேஷன் கூட்டத்தில் சொன்னபோது, “அது ரொம்ப நாளாவே அப்படித்தான் இருக்கு” என்றார் ஒருவர். கரைக்குக் கீழே எத்தனை வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொன்னேன். அடுத்த மாதம் பொறியாளர் வந்தார்.

மரத்தை வெட்டி வேரை விட்டால், வேர் மக்கிய வழியே தண்ணீர் ஓடும், ஆகவே வேரோடு எடுத்து மண்ணிட்டு இறுக்க வேண்டும் என்றார். வலையை அன்றே கழற்றச் சொன்னார். கசிவை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே காட்டினார். தெளிந்து வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளே அரிக்கிறது, உடனே ஏரியின் நீர்மட்டத்தை இறக்க வேண்டும்.

கரை வேலை வசந்தத்தில் தொடங்குகிறது. அதுவரை சனிக்கிழமைதோறும் நானும் சின்னவளும் பாட்டிலோடு போகிறோம். அவள்தான் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். இந்த வாரமும் தெளிவாகத்தான் இருந்தது.