பாஸ்போர்ட் இருந்தும் முகவரி இல்லை

புதுச்சேரியில் ஒருவரிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது என்றால், பிரான்சில் அவருக்கு எல்லாம் தயாராகக் காத்திருக்கும் என்று ஊரே நம்புகிறது. என் கணவரின் தாத்தா ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த பிறகு கொடுத்த 6 மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர். அது பேரன் வரை வந்தது. ஆனால் இவர் பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் புதுச்சேரிதான். பிரான்ஸ் இவருக்கும் அந்நிய நாடுதான் என்பது போய் இறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

போவதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வேலை இங்கேதான். நான் கடலூர், மஞ்சக்குப்பம். கோயில் கணக்கில் இரண்டு ஊரும் ஒரே உயர்மறைமாவட்டம். அரசாங்கக் கணக்கு வேறு. எங்கள் பங்குக் கோயிலில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசித்தார்கள். புதுச்சேரி மரீன் தெருவில் இருக்கும் பிரெஞ்சு கான்சுலேட்டும் தன் பங்குக்கு 10 நாள் எங்கள் பெயர்களை அறிவிப்பாகப் போட்டது. யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்றானதும் சான்று கொடுத்தார்கள். கடலூரில் நடந்த திருமணம் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவானது. அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்து, கான்சுலேட் தன் பதிவேட்டில் ஏற்றி, ‘லிவ்ரே தெ ஃபமீய்’ என்ற குடும்பப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் என் விசா வேலையையே தொடங்க முடிந்தது. பிரெஞ்சுக்காரரின் மனைவி என்பதால் விசாக் கட்டணம் இல்லை. சாமியார் கையெழுத்திட்ட சான்று பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அங்கே அதை ஒரு அலுவலகத்திலும் கேட்கவில்லை.

என் பெயர் தனிக் கதை. கணவர் வீட்டில் 1881 ஆணைப்படி இந்தியத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட ரெனோன்சான்கள், அதனால் அவருக்குத் தொல்லை இல்லை. எனக்கு இருந்தது அப்பாவின் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. பிரெஞ்சுப் படிவம் காலிக் கட்டத்தை ஏற்காது. என் பெயரே குடும்பப் பெயராக ஏறிவிட்டது. கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் இதைச் சரிசெய்துகொள்வது நல்லது. அங்கே போன பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜனவரி முதல் வாரம் போய்ச் சேர்ந்தோம். பாரிசுக்கு வடக்கே சர்செல்லில் கணவருடைய பெரியப்பா வீடு. அந்தப் பக்கம் புதுச்சேரிக் குடும்பங்கள் நிறைய. அப்புறம் ஆரம்பித்தது சுற்றல். வேலை கொடுக்க வந்தவர் சம்பளம் போட வங்கிக் கணக்கு கேட்டார். வங்கியில் முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரிக்கு வாடகை வீடு பார்க்கலாம் என்றால், வீட்டுக்காரருக்குக் கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு வேண்டும், சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும், பொறுப்பேற்க ஓர் ஆளும் வேண்டும். கோழி முதலா முட்டை முதலா கதைதான்.

இதை உடைத்தது பெரியப்பா ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதிக் கொடுத்த நான்கு வரி. இவர்கள் இருவரும் என் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்ற உறுதிமொழி. ‘அத்தெஸ்தாசியோன் தெபெர்ழ்மான்’ என்பார்கள். கூடவே அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பெயரில் இருக்கும் மின்கட்டண ரசீது. ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். கடிதத்தில் மனைவி பெயரையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். கணவர் பெயர் மட்டும் இருந்தால் மனைவிக்கு முகவரி கிடையாது.

முதலில் போன வங்கி அப்போதும் சம்பளச் சீட்டு இல்லாமல் கணக்கு இல்லை என்றது. இப்படி மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதை நாட்டின் மத்திய வங்கியான பாங்க் தெ பிரான்சிடம் கொடுத்தால் அவர்களே ஒரு வங்கியை நியமிப்பார்கள், அந்த வங்கி அடிப்படைக் கணக்கைத் திறந்தே ஆக வேண்டும். இது அங்கே சட்டம். இருபது வருடமாக அங்கே இருக்கும் உறவினர்களுக்கே இது தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டுக்குப் பொறுப்பாள் கிடைக்காதவர்கள் ‘விசால்’ என்ற இலவச உத்தரவாதத்துக்கு விண்ணப்பிக்கலாம்; 30 வயது வரை அது சுலபம்.

கணவர் வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர் என்பதால் அவருடைய பிறப்புப் பதிவு இருப்பது நான்த் நகரத்தில். இணையத்தில் கேட்டால் இலவசமாக அனுப்புகிறார்கள். மருத்துவக் காப்பீட்டு எண்ணிலும் பிறந்த இடத்துக்கு எங்கள் இருவருக்கும் 99 என்றுதான் வருகிறது, அதாவது வெளிநாடு. பாஸ்போர்ட் எந்த நிறம் என்று அந்த எண்ணுக்குக் கவலையில்லை.

கோயில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் போன முதல் ஞாயிறே மூன்று ராஜா திருநாள். பூசை முடிந்ததும் பங்குக் கூடத்தில் கலெத் என்ற கேக்கை வெட்டினார்கள். உள்ளே ஒரு சிறு பொம்மை ஒளிந்திருக்கும், யாருக்கு வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். யார், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்பே தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அலுவலகங்களிலோ இதற்கு நேர்மாறு. பள்ளி நாளிலிருந்து மதம், சாதி என்று கட்டம் நிரப்பிப் பழகிய எனக்கு, எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வியே இல்லாதது புதிதாக இருந்தது. நல்ல புதிது.

ஒரு நாள் பாரிசில் ரூ து பாக் தெருவுக்குப் போனோம். 140-ஆம் எண் அற்புதப் பதக்க மாதாவின் சிற்றாலயம். சற்றுத் தள்ளி 128-ஆம் எண் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை. நம் பக்கத்துக் கோயில்களில் பிரெஞ்சுப் பெயர்களோடு கல்லறையில் இருக்கும் சாமியார்களில் பலர் கப்பலேறுவதற்கு முன் தங்கிய வீடு அது.

விசாவை வந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். நாங்கள் கட்டியது 200 யூரோ. அதன்பின் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது: நேர்காணல், மொழித் தேர்வு, 4 நாள் குடிமைப் பயிற்சி. புதுச்சேரி சுஃப்ரேன் தெருவில் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படித்தது எழுத்துத் தேர்வில் கைகொடுத்தது. அவர்கள் வேகமாகப் பேசியதுதான் பிடிபடவில்லை. 200 மணிநேர வகுப்பு எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பில் ஒரு பக்கம் மாலி நாட்டுப் பெண், மறுபக்கம் யாழ்ப்பாணத்து அக்கா. இரண்டாம் நாளே டீச்சர் அக்காவையும் என்னையும் பிரித்து உட்காரவைத்துவிட்டார்.