கண் ஊசி சுலபம், க்ளெய்ம்தான் பெரும்பாடு

அப்பாவுக்குக் கண்ணுக்குள் ஊசி போட்டது சில நிமிட வேலை. அதற்கு இன்சூரன்ஸ் பணம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏற்காட்டில் தோட்டம் பார்க்கும் அப்பா, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் நடுவில் வளைந்து தெரிகிறது என்றார். சேலத்தில் விழித்திரையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தோம். வயதானால் வரும் மாக்குலர் டிஜெனரேஷன், அதாவது விழித்திரையின் மையப் பகுதி சிதைவது, அதிலும் ஈர வகை. விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. அவற்றை வளரவைக்கும் விஇஜிஎஃப் புரதத்தை மடக்குவதுதான் ஊசி மருந்தின் வேலை.

டாக்டர் இரண்டு மருந்து சொன்னார். பெவாசிசுமாப் முழு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றைப் பிடித்து மடக்கும் புரதம். 2004இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது, விலை குறைவு என்பதால் கண்ணுக்கும் போடுகிறார்கள். ரானிபிசுமாப் ஆன்டிபாடியின் ஒரு துண்டு, கண்ணுக்கென்றே உருவாக்கியது. 2011இல் அமெரிக்காவில் வந்த ஒப்பீட்டு ஆய்வில் இரண்டிலும் பார்வை ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியது. ஆனால் பெவாசிசுமாப் குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கும்போது கிருமி புகுந்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். 2015 முதல் இந்தியாவிலேயே தயாராகும் ரானிபிசுமாபைப் போடச் சொல்லிவிட்டோம்.

அப்புறம்தான் கூத்து. "24 மணி நேரம் அட்மிட் ஆகலை, இது ஓபி சிகிச்சை" என்று க்ளெய்மைத் திருப்பிவிட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மேலிடத்து முடிவு சார்" என்றார். பாலிசிப் புத்தகத்தில் நவீன சிகிச்சைகள் என்ற பட்டியலை விரித்துக் காட்டினேன். கண்ணுக்குள் போடும் ஊசி அதில் இருக்கிறது. 2019இல் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதி அது. "இப்படி ஒண்ணு இருக்கா?" என்று என்னையே கேட்டார்!

சரி, வேலை முடிந்தது என்று பார்த்தால், மருந்துப் பெட்டியின் பேட்ச் ஸ்டிக்கர் வேண்டுமாம். ஆபரேஷன் தியேட்டரில் அதைக் குப்பையில் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி பில்லிலும் வெறும் 'ப்ரொசீஜர்' என்றுதான் இருந்தது. அதைத் திருத்தி வாங்க மறுபடி மலையிறங்கினால், பில்லிங் ஆள் லீவு. எந்தக் கண், என்ன மருந்து, பேட்ச் எண், தியேட்டரில் போட்டது, எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதச் சொல்லுங்கள். காலிப் பெட்டியை உள்ளே போகும்போதே கேட்டு வையுங்கள்.

கடைசியில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். பதில் சரியில்லையென்றால், கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போவேன் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அங்கே புகார் செய்யக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அந்த வரிக்குத்தான் பலன் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஊசி போட்ட அடுத்த சில நாட்களில் கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். மலையில் இருப்பவர்கள் ராத்திரி வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பணம் வந்தது, உச்சவரம்பு என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு. முதல் ஊசிகள் மாதாமாதம் என்பதால் அடுத்த க்ளெய்மும் உடனே போட்டாயிற்று. கவுண்டர்க்காரர் இந்த முறை ஸ்டிக்கரை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். பிடித்தம் மட்டும் குறையவில்லை.