புதுக்கடையில் 65 வயது

கொழும்பின் நீதிமன்ற வட்டாரமான புதுக்கடையில் நீதிபதிகளின் ஓய்வு வயதைப் பேசுமுன், முதலில் பெயர்க் குழப்பம். தமிழ்நாட்டவர் உச்ச நீதிமன்றம் என்பதை இலங்கையில் உயர் நீதிமன்றம் என்போம்; மேல் நீதிமன்றம் அதற்கு இரண்டு படி கீழே.

நீதவானாக, அதாவது கீழ் நீதிமன்ற நீதிபதியாக, தொடங்குபவருக்கு வயதுதான் எதிரி. ஓய்வு மேல் நீதிமன்றத்தில் 61, இடைப்படியான மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 63, உயர் நீதிமன்றத்தில் 65. ஒரு படியில் பதவியுயர்வு தாமதித்தால் அடுத்த படிக்கு முன்பே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1939 ஒக்டோபரில் பிறந்த சி. வி. விக்னேஸ்வரன் 1979இல் நீதித்துறைக்கு வந்து, 2001இல்தான் புதுக்கடையின் உச்சிப்படியைத் தொட்டார். 2004 ஒக்டோபரில் ஓய்வு. 22 வருட ஏற்றத்துக்கு மூன்றரை வருட இருக்கை! சட்டமா அதிபர் (அரசின் தலைமைச் சட்டத்தரணி) திணைக்களத்தில் இருந்து நேரே வருபவருக்கு இந்த ஏணி பாதிதான்.

ஓய்வுக்குப் பிறகு மறுபடி வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டு? அரசியலமைப்பின் உறுப்புரை 110(3)இன்படி ஜனாதிபதியின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் வாதாட முடியாது. தேர்தலில் நிற்கலாம், விக்னேஸ்வரன் 2013இல் வட மாகாண முதலமைச்சரானார்.