டர்போ பாஸ்கல் 7 ஓடியது, மழைக் கணக்குதான் லேசில் வரவில்லை

படிக்கிற காலத்தில் டர்போ பாஸ்கல் 7-இல் (டாஸ் காலத்து பாஸ்கல் மொழிக் கம்பைலர்) ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். தினமும் வெப்பநிலை, மழை அளவு, ஒரு வரிக் குறிப்பு, அவ்வளவுதான். பிளாப்பியிலிருந்து சிடி, சிடியிலிருந்து ஹார்டு டிஸ்க் என்று அந்த ஃபோல்டர் கூடவே வந்துகொண்டிருந்தது, திறந்து பார்த்ததுதான் இல்லை. இப்போது திறந்தேன். நான்கு மாலைகள் போயின.

முதல் மாலை. எக்ஸ்இ ஃபைலை டபுள் கிளிக் செய்தால் 64 பிட் விண்டோஸ் ஒரே வரியில் கையை விரித்துவிடுகிறது. இதில் விண்டோஸை மட்டும் குறை சொல்ல முடியாது. 32 பிட் விண்டோஸ் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் 16 பிட் புரோகிராம்களை ஓட்டியது பிராசஸரில் இருந்த மெய்நிகர் 8086 என்ற நிலையை நம்பித்தான். அதே பிராசஸர் 64 பிட் நிலைக்குப் போய்விட்டால் அந்த வசதி கிடையாது. ஆகவே பழைய பிராசஸரையே மென்பொருளால் நடித்துக் காட்ட வேண்டும், டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் செய்வது அதைத்தான். ஃபோல்டரை சி டிரைவாக மவுன்ட் செய்தேன், டர்போ என்று தட்டினேன், டர்போ பாஸ்கலின் நீல எடிட்டர் திரை வந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சந்தோஷத்தில் இரண்டு வரியைத் திருத்திவிட்டு கை தானாக கன்ட்ரோல் எஃப்9-க்குப் போனது. டர்போ பாஸ்கலில் அதுதான் ரன். டாஸ்பாக்ஸ் 0.74-இல் அதே சாவிக்கு என்ன அர்த்தம் தெரியுமா, டாஸ்பாக்ஸையே அந்தக் கணமே மூடுவது. கேள்வி கேட்காது, சேமிக்கவா என்று கேட்காது, ஜன்னலே மாயம். நான் புத்திசாலி இல்லை, மூன்று முறை இப்படி ஆனபிறகுதான் ஏதோ கிராஷ் இல்லை இது என்று புரிந்தது. கன்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் சாவிகளை மாற்றும் திரை வருகிறது, அங்கே மூடும் கட்டளைக்கான சாவியை எடுத்துவிட்டு சேமித்தால் தொல்லை தீர்ந்தது. கன்ட்ரோல் எஃப்7, எஃப்8 இரண்டும்கூட இப்படித்தான் மோதுகின்றன (இங்கே வாட்ச், பிரேக்பாயின்ட், அங்கே ஃபிரேம் தாவுவது), ஆனால் அவற்றால் உயிர்ச்சேதம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று, வெளியே வேறு எடிட்டரில் ஒரு ஃபைலைச் சேர்த்தால் டாஸ்பாக்ஸுக்கு உள்ளே அது உடனே தெரியாது. கன்ட்ரோல் எஃப்4 அழுத்தினால் பட்டியலைப் புதிதாகப் படிக்கும்.

இரண்டாம் மாலை. கம்பைல் (எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) மெதுவாக இருக்கிறதே என்று, டாஸ்பாக்ஸின் வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸ் அளவை மேக்ஸ் என்று வைத்தேன். உடனே புரோகிராம் தொடங்கும்போதே ரன்டைம் எரர் 200, அதாவது பூஜ்யத்தால் வகுத்தல். என் புரோகிராமில் அந்த இடத்தில் வகுத்தலே இல்லை! தேடியபோது தெரிந்தது, இது டர்போ பாஸ்கல் 7-இல் திரை, விசைப்பலகை வேலைகளுக்கான சிஆர்டி யூனிட்டில் இருக்கும் பிரபலமான கோளாறு. டிலே என்ற கட்டளை சரியாக நேரம் காக்க வேண்டும் என்பதற்காக அந்த யூனிட் ஆரம்பத்திலேயே கடிகாரத்தின் ஒரு டிக், ஏறக்குறைய 55 மில்லிசெகண்ட், அதற்குள் ஒரு வெற்று லூப் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி அதை 55-ஆல் வகுக்கிறது. விடை 16 பிட்டுக்குள், 65535-க்குள் அடங்க வேண்டும். லூப் சுமார் 36 லட்சம் முறைக்கு மேல் சுற்றிவிட்டால் அடங்காது, பிராசஸர் அதையும் வகுத்தல் பிழை என்றே அறிவிக்கிறது, பாஸ்கல் அதைப் பூஜ்யத்தால் வகுத்தல் என்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. கணினி இவ்வளவு வேகமாகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, பென்டியம் காலத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். இதற்கென்று ஒட்டுப்போட்ட லைப்ரரிகள் இருக்கின்றன. நான் சோம்பேறி, கன்ட்ரோல் எஃப்11-ஐ அழுத்தி அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். டாஸ்பாக்ஸுக்கு உள்ளேயே பதிவுகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது, தெரியும். ஆனால் எமுலேட்டர் இல்லாமல் அதே சோர்ஸ் (நான் எழுதிய மூல வரிகள்) இன்றைய கம்பைலரில் ஓடுமா என்று ஒரு அரிப்பு. அப்புறம் வந்ததுதான் ஃப்ரீ பாஸ்கல்.

மூன்றாம் மாலை முழுக்க இதுதான். சோர்ஸ் கம்பைல் ஆவதில் பெரிய சிரமம் இல்லை. திரையின் நினைவகத்தில் நேரடியாக எழுதும் ஒரு துண்டு இருந்தது, இன்றைய இயங்குதளத்தில் அது நடக்காது என்பதால் அழித்தேன். மெனு வந்தது. டேட்டா ஃபைலைத் திறந்தேன். பதிவுகள் 214 இருக்க வேண்டும், 192 என்றது. முதல் பதிவின் எண் 1 என்பதற்குப் பதிலாக 80,58,30,657.

ஃபைலின் அளவு 11,556 பைட். என் ரெக்கார்டில் பதிவு எண் இன்டிஜர் (முழு எண்) 2 பைட், தேதிக்கு 8 எழுத்து ஸ்ட்ரிங், முன்னால் நீளத்துக்கு ஒரு பைட் சேர்த்து 9, வெப்பநிலையும் மழையும் ரியல் (தசம எண்) தலா 6, குறிப்புக்கு 30 எழுத்து, அதாவது 31 பைட். கூட்டினால் 54. 11,556-ஐ 54-ஆல் வகுத்தால் கச்சிதமாக 214. ஆக ஃபைல் கெடவில்லை, நான்தான் தப்பாகப் படிக்கிறேன். டர்போ பாஸ்கல் புலங்களுக்கு நடுவே இடைவெளி விடாது என்று ஞாபகம் வைத்து பேக்ட் என்று முன்பே சேர்த்திருந்தேன். ஆனால் பழக்கதோஷத்தில் ஆப்ஜெக்ட் பாஸ்கல் மோடில் கம்பைல் செய்திருக்கிறேன், அங்கே இன்டிஜர் 4 பைட். அந்த 80 கோடி எங்கிருந்து வந்தது என்றால், எண்ணின் 2 பைட்டோடு தேதியின் நீள பைட்டையும் தேதியின் முதல் இலக்கமான பூஜ்யத்தையும் சேர்த்து விழுங்கிய எண் அது. இதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்து சரியாக வந்தபோது கிடைத்த திருப்தி, புரோகிராம் ஓடியபோதுகூட வரவில்லை.

டர்போ பாஸ்கலைப் போலவே நடக்கும் டிபி மோடுக்கு மாற்றினேன். முதல் பதிவின் எண்ணும் தேதியும் சரி, பதிவுகள் 199, வெப்பநிலையிலிருந்து மற்றதெல்லாம் பொருளே இல்லாமல். மிச்சம் ரியல்தான். ஃப்ரீ பாஸ்கலில் ரியல் என்றால் 8 பைட் டபுள், பழையதோ 6 பைட்டில் தனக்கென்று ஒரு அமைப்பு. முதல் பதிவின் வெப்பநிலை ஹெக்ஸில் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறை) 85 00 00 00 00 64 என்று இருந்தது. முதல் பைட் அடுக்கு: ஹெக்ஸ் 85 என்றால் 133, அதில் 129 கழித்தால் 4, இரண்டின் நான்காம் அடுக்கு 16. கடைசி பைட்டின் மேல் பிட் குறி, மற்ற 7 பிட்டும் பின்னம்: ஹெக்ஸ் 64 என்றால் 100, 128-இல் 100 என்பது 0.78125. எழுதாமலே இருக்கும் ஒன்றைச் சேர்த்து 1.78125-ஐ 16-ஆல் பெருக்கினால் 28.5. டாஸ்பாக்ஸில் பழைய புரோகிராமைத் திறந்து பார்த்தேன், அந்த நாள் வெப்பநிலை 28.5 தான்.

ஃப்ரீ பாஸ்கலிலேயே ரியல்48 என்று இதற்கு ஒரு வகை இருக்கிறது, அதில் வாசித்து டபுளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு புலங்களின் வகையை மாற்றியதும் 214 வந்துவிட்டது. இது முன்பே தெரிந்திருந்தால் ஒரு மாலை மிச்சம், ஆனால் அந்த 6 பைட்டைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டேன்.

நான்காம் மாலை சும்மா ஹெக்ஸில் மேய்ந்ததில் போனது. பாஸ்கல் ஸ்ட்ரிங்கில் நீள பைட் சொல்லும் அளவுக்கு அப்பால் இருப்பதை யாரும் துடைப்பதில்லை. ஒரே ரெக்கார்டு மாறியை நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருப்பதால், நேற்று நீளமான குறிப்பு, இன்று குட்டிக் குறிப்பு என்றால் இன்றையதன் பின்னால் நேற்றையதன் வால் அப்படியே நிற்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டிய குறிப்புகள்தான் எல்லாம். குறிப்பே எழுதாமல் என்டர் தட்டிவிட்ட நாட்கள் பதினொன்று இருக்கின்றன, அத்தனையிலும் முந்தின நாளின் வரி முழுசாக உட்கார்ந்திருக்கிறது, நீளம் மட்டும் பூஜ்யம்.

வரைபடம் போடும் பகுதியை இன்னும் புதிய கம்பைலருக்குக் கொண்டுவரவில்லை. டாஸ்பாக்ஸில் டர்போ பாஸ்கலின் வரைபட டிரைவர்கள் இருக்கும் பிஜிஐ ஃபோல்டரின் பாதையைத் திருத்தியதும் 640-க்கு 480, 16 நிறத்தில் வருகிறது. இப்போதைக்கு அது அங்கேயே இருக்கட்டும்.