மைக்ரோகிளியாவைப் பிரிக்கும்போது

மூளைக் காயத்துக்குப் பின் மைக்ரோகிளியாவில் (மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள்) எந்த மரபணுவின் செயல்பாடு ஏறுகிறது என்று தேடுகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது வாட்டர் பாத்தைத்தான், அதாவது திசுவைச் சூடாக வைக்கும் வெந்நீர்த் தொட்டியை. 37 டிகிரியில் நொதி போட்டுத் திசுவைக் கரைக்கும்போதே செல் தூண்டப்பட்டதும் உடனே எழும் ஃபாஸ், ஜுன் மரபணுக்கள் எகிறிவிடும். அது காயத்தின் வேலை இல்லை, நம்முடையது. இதயம் வழியாகக் குளிர்ந்த உப்புக்கரைசல் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றிவிட்டு, ஐஸிலேயே டவுன்ஸ் ஹோமோஜினைசரில் (கண்ணாடிக் குழாயும் அதற்குள் பொருந்தும் உலக்கையும்) மெதுவாக நசுக்கிப் பிரிப்பது மேல். நொதி இல்லாமல் முடியாதென்றால் மரபணுக்கள் புதிதாகப் படியெடுக்கப்படுவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின்-டி சேர்த்துவிடுங்கள்.

அடுத்த தலைவலி, செல்களை அடையாளம் காணச் சாயமேற்றுவது. ஐபா1 என்ற அடையாளப் புரதம் மைக்ரோகிளியாவிலும் ஒளிரும், ரத்தத்திலிருந்து உள்ளே வந்த மேக்ரோஃபேஜிலும் (விழுங்கு செல்) ஒளிரும். பி2ஆர்ஒய்12 என்ற இன்னொரு புரதம் இரண்டையும் ஓரளவு பிரித்துக் காட்டும். ஆனால் காயத்தைச் சுற்றி, சரியாக நமக்குத் தேவையான இடத்தில், அதன் அளவு இறங்கிவிடும். அங்கே இருட்டாகத் தெரிந்தால் மைக்ரோகிளியா செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.