24-ஆ, 46-ஆ?

எங்கள் பள்ளியில் படித்த ஒருவர், தன் மகன் வளர்ந்துவிட்டான் என்று ஒரு பை நிறைய, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி விளையாடும் லெகோ கட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் பீரோவிலேயே கிடந்தன. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான்.

பின்னம் நடத்தத்தான் முதலில் வெளியே எடுத்தேன். வரிசைக்கு நாலாக இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ் உள்ள கட்டைக்கு ஐந்தாம் வகுப்பு வைத்த பெயர் 'எட்டுப் பொட்டு'. அதன்மேல் நாலு பொட்டுச் சதுரத்தை வைத்து, பாதி என்றேன். ஒரு பையன் ஒற்றை வரிசைக் கட்டையை நீளவாக்கில் வைத்து, "இதுவும் பாதிதானே டீச்சர்?" என்றான். இத்தனை வருஷமும் ரொட்டியைக் குறுக்கே வெட்டியே பாதியைக் காட்டி வந்தவள் நான்.

ஒரே நிறத்தில் இரண்டு எட்டுப் பொட்டுகளை எத்தனை விதமாக இணைக்கலாம்? விடை 24 என்று படித்திருந்தேன். மறுநாள் அதைக் கேட்டேன். ஒரு பெண் இடைவேளைக்கும் போகாமல் உட்கார்ந்து, 46 என்று வந்து நின்றாள். "தப்பா எண்ணியிருப்ப, மறுபடி எண்ணு" என்றேன். (சொல்வது எங்களுக்கு எளிது.) மறுபடியும் 46.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அடிக்கட்டையை அசைக்காமல், மேல்கட்டையை ஒவ்வொரு பொட்டாக நகர்த்திப் படம் போட்டிருந்தாள். ஒரே திசையில் வைத்தால் 3 வரிசை, வரிசைக்கு 7. குறுக்காக வைத்தால் 5 வரிசை, வரிசைக்கு 5. 21-ம் 25-ம் 46. எங்கே பிசகு? பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் போட்ட முதல் படம், என் பக்கமிருந்து பார்க்க, அதே தாளின் கடைசிப் படமாகத் தெரிந்தது. "இங்க வந்து பாரு" என்றேன். வந்து பார்த்தவள் ஒன்றும் பேசாமல், திருப்பினால் ஒன்றாகிவிடும் படங்களை ஜோடி சேர்த்து, ஜோடிக்கு ஒன்றை அடிக்க ஆரம்பித்தாள். நேர் மேலே வைத்ததும், நட்டநடுவில் சிலுவைபோல வைத்ததும் மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே இருந்தன. மீதி 44-ல் பாதி 22. இந்த இரண்டையும் சேர்த்தால் 24.

அப்புறம் வகுப்பு விடவில்லை. ஆறு கட்டை என்றால்? டென்மார்க்கில் சோரன் ஐலர்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் கணினியை வைத்து எண்ணியதைக் கரும்பலகையில் எழுதினேன்: 91,51,03,765. கோடி, லட்சம் என்று எல்லோரும் கத்தி வாசித்ததில் இடமதிப்புப் பாடமும் முடிந்தது. அவள் மட்டும் பைக்குள் கையை விட்டு மூன்றாவது எட்டுப் பொட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்றுக்கு 1,060 என்று நான் சொல்லவில்லை.